ஒரு ரூபாய் பாக்கி

திருப்பூரில் செட்டித்தோட்டம் மூன்றாம் வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. பனியன் தைத்துப் பிழைக்கிற வீதி. அந்த வீதியில் யாரும் யாருக்கும் கணக்கை முழுதாகத் தீர்க்க மாட்டார்கள். நூல் கடையோ, பால்காரரோ, சீட்டோ, கைமாற்றோ, எதுவானாலும் கடைசித் தடவை கொடுக்கும்போது ஒரு ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு ரூவா பாக்கி இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். வாங்கிக்கொள்கிறவரும் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சிரித்த முகமாகத் தலையாட்டுவார். கணக்கு சைபராகிவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், ஒன்றுமில்லாத வாசலில் நாளைக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது? கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்கிற ஜனங்கள்தானே. சைபர் வரைக்கும் எண்ணி வைத்துத் தீர்ப்பதென்றால் அது முகத்தில் முழிக்காமல் பிரிகிறவர்கள் செய்கிற காரியம். அந்த வீதியில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

மயிலாத்தாள் அந்த வீதியிலேயே பிறந்து அந்த வீதிக்கே வாழ்க்கைப்பட்டவள். ஆகவே பேங்க்காரனிடமும் அவள் அப்படித்தான் நடந்துகொண்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

நடந்தது இது. தங்கமுத்து என்கிற பனியன் கம்பெனி முதலாளியிடம், அவருடைய மெஷினில், அவர் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்து பாதி ஆயுசைக் கழித்தவள், ஒருநாள் தன் வீட்டு முன்னறையில் தன் பேரிலேயே ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டாள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின். இனிமேல் வெட்டிய துணியைப் பீஸ் பீஸாக எடுத்துவந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கலாம், யாரும் அவளை எழுந்திரு என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் அவள் பேரில் ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. தினமும் காலையில் மெஷினைத் துடைத்துக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் தன் நெற்றிக்கு வைத்துக்கொள்வாள்.

மெஷினை ஒரு பேங்க்கின் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தாள், அதன் வட்டி கடித்தது. அந்த நேரம் பார்த்து இன்னொரு பேங்க்கிலிருந்து தேன் குரலில் ஒரு பெண் போன் செய்தாள். "அந்தக் கடனை எங்க கார்டுக்கு மாத்திக்கலாம் மேடம், பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். ஆறு மாசத்துக்குள்ள கட்டிட்டீங்கன்னா வட்டியே கிடையாது மேடம், ஜீரோ." மயிலாத்தாளை அதுவரைக்கும் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. சரி என்றாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதா மாதம் கட்டினாள், ஆறாவது மாதம் கெடுவுக்கு முன்னாலேயே மிச்சம் மொத்தத்தையும் கட்டினாள், ஒரு ரூபாய் தவிர. நாளைக்கு இன்னொரு மெஷின் வாங்க அவனிடம்தானே போய் நிற்க வேண்டும் என்று மரியாதைக்கு அந்த ஒரு ரூபாயை விட்டுவைத்தாள்.

அடுத்த மாதம் பில் வந்தது. கெடுவுக்குள் முழுதாகத் தீராததால் சலுகை ரத்து, மாற்றிய மொத்தத் தொகைக்கும் முதல் நாளிலிருந்து வட்டி, வட்டிக்கு மேலே ஒரு கட்டணம், கட்டணத்துக்கு மேலே வரி. அதற்கடுத்த மாதம் அந்த வட்டிக்கும் ஒரு வட்டி. எல்லாம் ஒரு ரூபாய்க்காக. மயிலாத்தாளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பில்லின் பின்னால் இருந்த நம்பரைப் போட்டாள்.

ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பாட்டு வந்தது. கீபோர்டும் புல்லாங்குழலும் கலந்த நாலு வரி மெட்டு, நாலாவது வரி முடிகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல், பிறகு மறுபடியும் முதல் வரி. நடுநடுவே ஒரு பெண் குரல்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து இணைப்பில் இருங்கள்." இருந்தாள். அன்று முழுதும் இருந்தாள், மறுநாளும் இருந்தாள். வைத்துவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் வைக்கவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துப்போனது, பாட்டு நிற்கவில்லை. இரைச்சல் தாங்காமல் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள், அரிசி பாடியது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் மெட்டு வந்தது, குக்கர் விசில் அடிக்காமல் புல்லாங்குழல் வாசித்தது. வாரம் முடிவதற்குள் பாட்டு அவள் வீட்டுச் சுவர்களைத் தாண்டி, சாக்கடைப் பலகைகளுக்கு அடியில் போய், வீதியின் அந்தக் கோடி வரைக்கும் எல்லா வீட்டிலும் கேட்டது.

முதல் இரண்டு நாள் வீதி அவளைத் திட்டியது. மூன்றாவது நாள் தங்கமுத்துவின் கம்பெனியில் தைக்கிற பெண்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். நாலு வரிக்கு ஒரு பனியன் ஓரம் சரியாக முடிகிறது. விக்கல் வருகிற இடத்தில் ஊசியைத் தூக்கி அடுத்த பீஸை உள்ளே தள்ளினால் கை தானாகப் போகிறது, தோள் வலிப்பதில்லை, வேலை முடிவதும் தெரிவதில்லை. சாயங்காலம் தங்கமுத்து பண்டல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தன் மேஜை மேல் இருந்த ரேடியோவை எடுத்துப் பரணில் போட்டார்.

அதன் பிறகு அந்தப் பாட்டு இல்லாமல் வீதியில் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீதி கம்பெனிகள் தங்கள் மெஷின்களை மூன்றாம் வீதிக்குக் கொண்டுவந்து போட்டார்கள், மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை ஏறியது. டீக்கடை 'இணைப்பு டீ ஸ்டால்' என்று புதுப் போர்டு வைத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் முகூர்த்த நேரத்தில் விக்கலோடு சேர்த்தே அந்த மெட்டை வாசித்தார், இழவு வீட்டில் பிணத்தைத் தூக்குகிறவர்கள் விக்கலில் தோள் மாற்றிக்கொண்டார்கள். வாங்கிய கடனைக் கேட்க வந்தவர்களிடம் ஜனங்கள் கூசாமல் "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றார்கள். மூலைவீட்டுக் குழந்தை முதன்முதலாகப் பேசியபோது அம்மா என்று சொல்லாமல் இருங்கள் என்றது, பெற்றவள் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மயிலாத்தாள் ஒருத்திக்குத்தான் அந்தப் பாட்டைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு அது பாட்டு இல்லை. ஒவ்வொரு தடவை விக்கல் வரும்போதும் யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று நெஞ்சு ஒருமுறை எழும்பும், மறுபடி முதல் வரி வந்ததும் விழும். அப்படி எழும்பி விழுந்து எழும்பி விழுந்தே மாதங்கள் போயின, பில்லும் பெருத்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுகிற ஒரு வசூல் ஆள் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தான். "மெஷின வித்துக் கட்டிருங்கக்கா" என்பான், சொல்லிவிட்டுக் காலால் தாளம் போட்டுக்கொண்டு நிற்பான்.

பாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்ள வீதியில் ஒரு கமிட்டி போட்டார்கள். தங்கமுத்து தலைவர், மயிலாத்தாளின் புருஷன் சென்னியப்பன் பொருளாளர். மில்லில் வேலை போனதிலிருந்து யாரும் உட்காரச் சொல்லாத சென்னியப்பனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கமிட்டி மயிலாத்தாளின் வீட்டுக்கு வந்து தேங்காய் பழம் வைத்து, கழித்துப்போட்ட பனியன் துணியில் ஜரிகை ஓட்டிய ஒரு பொன்னாடையைப் போர்த்தியது. கைதட்டல் அடங்கிய பிறகு அவள் கேட்டாள்.

"இத்தன பேரு இத்தன சம்பாதிக்கறீங்க. ஆளுக்குக் கொஞ்சம் போட்டீங்கன்னா எங்கடன் தீந்துரும். போடறீங்களா?"

தங்கமுத்து தொண்டையைச் செருமினார். "போடறது ஒண்ணும் பெருசில்ல அம்மிணி. ஆனா கடன் தீந்துருச்சுன்னா உனக்கு அவங்ககிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது? லைன வெச்சுருவாங்க. அப்புறம் இந்த வீதியோட கதி?"

"அப்ப எங்கதி?"

"நீ வீதிக்கே சாமி மாதிரி. சாமி கோவிச்சுக்கலாமா?"

சாமிக்குப் பில் வருவதில்லை என்று அவள் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, விக்கல் வருகிற நேரம், எல்லோருக்கும் மெஷினுக்குப் போக வேண்டியிருந்தது.

மழை விட்ட ஒரு மத்தியானம் மயிலாத்தாள் தைத்த பண்டலை மொபெட்டில் கட்டிக்கொண்டு வீதிக்கோடி வரைக்கும் போயிருந்தாள். திடீரென்று பாட்டு நின்றது. நாலாவது வரி முடிந்தது, விக்கல் வந்தது, முதல் வரி வரவில்லை. வீதி முழுக்கப் பெண்கள் அடுத்த பீஸைத் தள்ளிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு மூன்று ஊசிகள் ஒடிந்தன. மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேறு தெறிக்கத் தெறிக்க அவள் ஓடினாள். வாசல்படியில் கால் வைக்கும்போது பாட்டு திரும்பவும் ஆரம்பித்தது. உள்ளே சென்னியப்பன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் பக்கத்தில் தங்கமுத்து.

"யாரு பேசுனாங்க?"

சென்னியப்பன் தங்கமுத்துவைப் பார்த்தான். தங்கமுத்து சுவரைப் பார்த்தார்.

"ஒரு புள்ள பேசுச்சு," என்றான் சென்னியப்பன். "என்ன உதவி வேணும், சொல்லுங்கன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் அவசரமில்லீங்க, நாங்க லைன்லயே இருக்கறோமுங்கன்னு சொன்னேன்."

மயிலாத்தாள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள், இவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் விழித்திருக்கிறாள், அந்த மெஷினை டெம்போவிலிருந்து இறக்கியபோது இவன்தான் முதல் ஆளாக அதன் ஒரு காலைப் பிடித்தான். பேங்க்காரன் செய்ததுகூட அவளுக்கு அந்த நிமிஷம் சின்னதாகத் தெரிந்தது. அவன் யாரோ.

"இத்தன மாசம் நான் எதுக்கு உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"கோவிச்சுக்காத புள்ள. எல்லாத்துக்கும் பொழப்பு ஓடுது. ஊரு நம்மள மதிக்குது."

"ஊரு உங்கள மதிக்குது. எம்மெஷினுதான் போகுது."

அவள் கத்தவில்லை. ஆணியில் தொங்கிய பொன்னாடையை எடுத்து மெஷினில் வழிந்திருந்த எண்ணெயை நன்றாகத் துடைத்தாள், துடைத்து அதைத் தங்கமுத்துவின் காலடியில் போட்டாள். சென்னியப்பனின் வேட்டி சட்டையை ஒரு பண்டலாகக் கட்டித் திண்டு போல வாசலில் வைத்தாள். அன்றிலிருந்து அவன் தங்கமுத்து கம்பெனியின் துணிக் குடோனில் படுத்துக்கொண்டான். அவள் போனை மெஷின் பலகை மேல் வைத்துக்கொண்டு, பீஸ் வாங்கக்கூட வெளியே போகாமல், வந்த வேலையை மட்டும் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீதி அவளைப் பார்க்கவில்லை, ஆனால் அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வசூல் ஆள் கடைசித் தேதி சொல்லிவிட்டுப் போனான். தங்கமுத்து ஜன்னலோரம் வந்து, மெஷினைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "மெஷினு இங்கயே இருக்கட்டும் அம்மிணி. நீயே ஓட்டு. நான் சம்பளம் போட்டுத் தர்றேன்." அவருக்கு அதில் ஒரு நல்ல மனசு இருப்பதாகவே அவர் நினைத்தார், அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கடைசித் தேதியன்று தங்கமுத்துவின் ஆட்கள் மெஷினை எழுதி வாங்கக் காகிதத்தோடு வாசலில் வந்து நின்றபோது, விக்கல் வந்தது, அதற்கப்புறம் பாட்டு வரவில்லை. வீதி மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் தலைகள் குவிந்தன.

"வணக்கம் மேடம், காத்திருந்ததுக்கு நன்றி." இது பழைய தேன் குரல் இல்லை, ஏதோ களைத்துப்போன பெண்ணின் குரல். "என்ன உதவி வேணும், சொல்லுங்க மேடம்."

மயிலாத்தாள் சொன்னாள். ஆறு மாதத்தையும் சொன்னாள், ஒரு ரூபாயையும் சொன்னாள். மறுமுனையில் பட்டன்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒரு ரூபா அவுட்ஸ்டாண்டிங் இருந்திருக்கு மேடம். அதனால சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா வட்டி போட்டிருக்கு. கண்டிஷன்ஸ்ல இருக்கு மேடம்."

"கார்டு குடுக்கறதுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ கூப்புட்டீங்களே அம்மிணி. ஒரு ரூவா பாக்கி இருக்குதுன்னு ஒருக்கா கூப்புட்டுச் சொல்லக்கூடாதா?"



"அதுக்கெல்லாம் கூப்பிடச் சொல்றதில்ல மேடம்."

"நான் அத ஏமாத்தறதுக்கு வெக்கல. மறுபடியும் வருவேன்னு சொல்றதுக்கு வெச்சேன். நீங்க அதப் புடிச்சு எங்கழுத்துல கட்டிட்டீங்க."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா எனக்கு அதிகாரம் இல்ல. மேல கேட்டுச் சொல்றேன். உங்க காலை ஹோல்டுல போடட்டுங்களா?"

வெளியே வீதி நிம்மதியாக மூச்சு விட்டது. அவ்வளவு பேரும் சேர்ந்து விட்ட மூச்சில் ஜன்னல் துணி ஆடியது. "போடச் சொல்லு அம்மிணி, போடச் சொல்லு," என்றார் தங்கமுத்து. பெண்கள் மெஷின்களுக்கு ஓடத் தயாராக முந்தானையைச் செருகினார்கள்.

"வேண்டாம்," என்றாள் மயிலாத்தாள். "நான் இருந்தது போதும். இனி நீங்க இருங்க."

"மேடம்?"

"உங்க பதிலு எனக்கு ரொம்ப முக்கியம். லைன்லயே இருங்க."

போனை மெஷின் பலகை மேல் வைத்தாள், ஒரு பீஸை ஊசிக்கடியில் தள்ளினாள், பெடலை மிதித்தாள். ஓவர்லாக் மெஷின் தன் முரட்டுச் சத்தத்தோடு ஓடியது, அந்தச் சத்தம் போனுக்குள் போனது, போனதெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வீதியில் அதற்குப் பிறகு பாட்டு வரவில்லை. அரிசி அரிசியாகக் கிடந்தது, குக்கர் விசில் அடித்தது.

பேங்க்கில் முதலில் ஹெட்போன்களில் கேட்டது. பிறகு ஏசியில் கேட்டது. லிஃப்ட் கதவு திறந்தால் ஓவர்லாக், ஏடிஎம்மில் பணத்துக்கு முன்னால் ஓவர்லாக், பெரிய மீட்டிங்கில் பெரிய அதிகாரி லாபத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் பல்லிடுக்கிலிருந்து ஓவர்லாக். நடுநடுவே, லைன்லயே இருங்க, என்று ஒரு பெண் குரல். மூன்றாம் வீதிக்காரர்கள் போல அதை வைத்துப் பிழைக்க அவர்களுக்குத் தெரியவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், பிறகு கார்களில் கிளம்பி வந்தார்கள்.

டை கட்டிய மூன்று பேர் வாசலில் நின்று, தயவுசெய்து போனை வைத்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். மயிலாத்தாள் தலையைத் தூக்கவில்லை. "இந்தப் பண்டல முடிச்சுட்டு வர்றேன், இருங்க," என்றாள். அது பெரிய பண்டல். இணைப்பு டீ ஸ்டாலில் வெயிலில் உட்கார்ந்து அவர்கள் டீக்கு மேல் டீ குடித்தார்கள். சாயங்காலம் அவள் கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள்: வட்டி ரத்து, கட்டணம் ரத்து, வரி ரத்து. தைத்த பீஸில் ஓட்டை பார்ப்பது போல அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அந்த ஒரு ரூபாயையும் தள்ளுபடி பண்ணிட்டோம் மேடம்," என்றார் மூவரில் பெரியவர்.

"உங்க தள்ளுபடி எனக்கு வேண்டாம்." முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இப்பச் சொல்லுங்க. எவ்வளவு பாக்கி?"

"சைபர் மேடம்."

"நல்லாக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"சைபர்."

வீதியில் இரண்டு மூன்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டை கட்டியவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது, நல்ல காலம். அவள் மெஷினை நிறுத்தினாள், போனை வைத்தாள்.

கார்கள் திரும்பியதும் அவள் உள்ளே போய்க் காசு டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகத் தங்கமுத்து கம்பெனிக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் வீதியும் நடந்தது. பாட்டு நின்றதிலிருந்து கம்பெனியில் கைகள் தாளம் தப்பி, பாதி ஓரம் கோணலாக ஓடிய பனியன்கள் மலையாகக் குவிந்திருந்தன. எப்போதோ அவரிடம் வாங்கிய அட்வான்சில் திருப்பித் தர மிச்சமிருந்ததை மேஜை மேல் எண்ணி வைத்தாள். நோட்டுகளை வைத்தாள், சில்லறையை வைத்தாள், கடைசியாக ஒரு ரூபாயையும் வைத்தாள்.

தங்கமுத்துவுக்கு முகம் வெளுத்தது. அந்த மேஜையில் அப்படி ஒரு நாணயத்தை இதுவரை யாரும் வைத்ததில்லை. "அம்மிணி, இத எடுத்துக்க. ஒரு ரூவா இருக்கட்டும்."

"இல்லீங்க. எண்ணிப் பாத்துக்கங்க."

"நாந்தான் உன்னைய இந்த வீதியில ஒரு ஆளாக்குனேன்."

"அதுக்கும் சேத்துத்தானுங்க. எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவள் "வர்றேன்" என்று சொல்லவில்லை, "போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டு வாசலில் சென்னியப்பன் தன் துணி மூட்டையோடு நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது, சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அவனைத் தாண்டி உள்ளே போய் மெஷின் முன் உட்கார்ந்து, அறுந்திருந்த நூலை ஊசியில் கோக்க ஆரம்பித்தாள். அவன் கால் ஒன்றைப் படியில் வைத்தான், மற்றதை வைக்கவில்லை.

"எங்கணக்கையும் தீத்துட்டியா புள்ள?"

நூல் ஒரு தடவையில் நுழையவில்லை. நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி மறுபடி கோத்தாள். கோத்து முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"ஒரு ரூவா பாக்கி இருக்குது."

அவனுக்கு உயிர் வந்தது. மூட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "அப்ப உள்ள வரட்டுமா?"

"லைன்ல இருங்க," என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் பெடலை மிதித்தாள்.